பாதுஷாவின் பிடரி

சிங்கமா, கரடியா என்று கேட்டாள் ரோஸ்லின்.

பூனை, நாய்களுக்கு முடி வெட்டும் கடை. சுவரில் படங்கள் இருந்தன. உடம்பை ஒட்ட வெட்டி, பிடரியையும் வால் நுனியையும் விட்டுவைத்தால் சிங்கம். எல்லா இடத்திலும் ஒரே அளவாக வெட்டினால் கரடிக்குட்டி. மொத்தமாக மழித்துவிட்டால் அதற்குப் பெயர் எதுவும் இல்லை.

மேசைமேல் பூனை படுத்திருந்தது. ஊரில் நடக்கும் எதிலும் தனக்குச் சம்பந்தமில்லை என்ற முகம்.

அதைக் கொண்டுவந்தவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். தனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசித்தவர் இல்லை.

முதுகில் இருக்கும் சாம்பல் திட்டு தெரியாமல் போகுமா என்று மறுபடி கேட்டார்.

"ஒட்ட வெட்டுனா மங்கிருங்க சார். ஆனா இவ்வளவு நல்ல முடி. எதுக்குங்க வெட்டறீங்க?"

வெயில் என்றார்.

வெயிலும் பொய்யில்லை. கோயம்புத்தூரே கொதித்துக்கொண்டிருந்தது.

ஆனால் பாதுஷாவின் முதுகில் திட்டு கிடையாது.

பாதுஷா வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், மண்ணுக்குள் இருந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். குழி வெட்டியவரும் இவர்தான், அழுதவரும் இவர்தான். மனைவி போனபிறகு வீட்டில் வேறு ஆள் இல்லை.

மேசைமேல் இருக்கும் இது, ஈரோட்டில் ஒருவரிடம் வாங்கி வந்தது.

பாதுஷா மகளுடைய பூனை. மிருதுளா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, உள்ளே வராதே என்று சொன்னவர் அவர். அவளும் வரவில்லை. புனேயில் வாடகை வீடு. அங்கே பூனை வளர்க்க விடமாட்டார்கள்.

ஞாயிறு மாலைகளில் வீடியோவில் அழைப்பாள். அப்பாவோடு ஒரு வார்த்தை கிடையாது. "பாதுஷா" என்பாள். அவர் போனைப் பூனையிடம் காட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

சாப்பிட்டியா தங்கம். ராத்திரி தூங்கினியா. ஏன் இப்படி எளச்சுட்டே.

பாதியை அவர் தனக்கென்று எடுத்துக்கொள்வார். வாரம் முழுக்க அது போதும்.

பூனை போன பிறகு, ஊரில் இல்லை என்று செய்தி அனுப்பிச் சமாளித்து வந்தார். எத்தனை நாள் சமாளிக்க முடியும்? அவருக்குப் பயமாக இருந்தது. பூனை இல்லையென்றால் அந்தக் குரலும் இல்லை.

சிங்கம் என்றார் கடைசியில்.

வெட்டியதால்தான் ஆள் மாறித் தெரிகிறது என்று அவளே நினைத்துக்கொள்வாள். பிடரி மட்டும் இருக்கட்டும். வீட்டில் இருந்தபோது அதில்தான் அவள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

மெஷின் ஓடியது.

ஒரு பக்கம் முடிந்தது. திட்டில் பாதி மங்கிவிட்டது. பரவாயில்லை, தேறிவிடும் என்று தோன்றியது.

போன் அடித்தது. மிருதுளா.

மாலையில்தான் அழைப்பாள். இன்னும் உச்சி வெயில்கூட ஏறவில்லை. எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிட மாட்டாள். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

எடுத்துப் பூனையிடம் நீட்டினார்.

"பாதுஷா."

பேர் கேட்டதும் பாதுஷா ஓடிவந்து திரையை நக்கும்.

இது சுவரைப் பார்த்தது.

"பாதுஷா, இங்க பாரு."

அவர் அதன் மோவாய்க்கு அடியில் விரலைக் கொடுத்து முகத்தைத் திருப்பினார். விரல் திரையில் தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது.



"எப்பப்பா செத்துச்சு?"

அப்பா என்றாள். அது மட்டும்தான் முதலில் அவர் காதில் விழுந்தது.

"மாசிக் கடைசியிலம்மா…"

திரை அணைந்திருந்தது. அவருடைய முகம்தான் அதில் தெரிந்தது.

ரோஸ்லின் பூனையை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள்.

"இந்தப் பக்கமும் அதே மாதிரிதானுங்களே சார்?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உன் இஷ்டம்மா."