ஏழு நொடி

"நான் எண்ணினேன் லிவ். ஏழு நொடி!"

"போன வாரம் அஞ்சுதானே ரண்டி?"

எங்கள் துடுப்புச் சங்கத்தில் இப்போது அதுதான் பேச்சு. தலைவர் அஸ்லாக்கை, கிளம்பும் முன் தூர்டிஸ் கட்டிப்பிடிக்கிறாள். நார்வேயில் வணக்கமாகக் கட்டிப்பிடிக்க ஒரு நொடி போதும். அவருக்கு வீட்டில் மனைவி உண்டு, இவள் விதவை. மிச்சத்தைக் கற்பனை செய்ய எங்களுக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை.

அஸ்லாக்குக்குப் பாதுகாப்பு என்றால் உயிர். "ஏப்ரல் வெயிலைப் பாத்து ஏமாறாதீங்க. தண்ணி நாலு டிகிரி. நீர் புகாத உடுப்போட முதுகு ஜிப்பு ஒரு விரல் திறந்திருந்தாலும், படகு கவுந்தா உள்ள கடல் வந்துடும். பத்து நிமிஷத்துக்கு மேல கை கால் பேச்சு கேக்காது" என்பார்.

அந்த ஜிப்பு முதுகுக்குக் குறுக்கே தோளுக்குத் தோள் போகும். நாங்களெல்லாம் பக்கத்திலிருப்பவரிடம் முதுகைக் காட்டி இழுத்துவிடச் சொல்வோம். அவர் மட்டும் படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தானே மாட்டிக்கொண்டு வருவார். தலைவராயிற்றே! வந்து மிதவைச் சட்டையை எடுப்பதற்குள் தூர்டிஸ் பாய்ந்துவிடுவாள்.

ஒழுக்கத்தைக் காப்பாற்ற ஒருத்தியாவது வேண்டாமா? நேற்று நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஊரே பேசுது தூர்டிஸ். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அவர் பாவம், ரண்டி..."

"பாவம்தான். அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்போ நாளைக்கு அவரை நீ பாத்துக்கறியா?"

"நல்லாவே பாத்துக்கறேன்!"

இன்று அவள் வரவில்லை. கொட்டகையிலிருந்து வந்த அஸ்லாக் சுற்றுமுற்றும் தேடினார். "ஐயோ, ஏமாற்றம்!" என்று லிவ் என் காதில் சிரித்தாள். அவர் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தன் கயாக் படகில் ஏறினார். காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது.

எனக்கு ஜலதோஷம், கரையில் காபிப் பொறுப்பு. கடைசிக் கயாக்கும் கரை முனையைத் திரும்பி மறைந்ததும் அவர் மனைவி மாரித்துக்கு போன் போட்டேன். நல்ல செய்தியைத் தள்ளிப்போடலாமா?

"மாரித், இனிமே நீ நிம்மதியா இரு. தூர்டிஸ் உன் புருஷனைக் கட்டிப்பிடிக்கறதை நிறுத்திட்டேன். இன்னிக்கு ஒருத்தரும் அவர்கிட்ட போகல."

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்தது.

"அடிப்பாவி! அவருக்குத் தோள்பட்டை பிடிச்சு ரெண்டு வருஷமாச்சு. கை பின்னாடி எட்டாது, கேக்கவும் கௌரவம் விடாது. கட்டிப்பிடிக்கற சாக்குல மூடிவிடச் சொல்லி தூர்டிஸை அனுப்பினதே நான்தான்... ரண்டி, இன்னிக்கு அவர் ஜிப்பை யாரு மூடினா?"