நாரையாரின் ஆராய்ச்சி

ஒரு குளத்தில் செவந்தி என்ற வாத்து தன் நான்கு குஞ்சுகளோடு இருந்தது. குஞ்சுகளும் குட்டிகளும் எப்படி வளர்கின்றன என்று ஆராய்வதற்காக ஒரு நாரை அங்கே வந்து சேர்ந்தது.

"நான் இருப்பதையே மறந்துவிடுங்கள் அம்மா. சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, கரையில் ஒற்றைக் காலில் அசையாமல் நின்றது.

முதல் நாள் குஞ்சுகள் நீந்துவதை விட்டுவிட்டு நாரையையே பார்த்தன. மூன்றாம் நாள் நான்கும் கரையேறி, வரிசையாக ஒற்றைக் காலில் நின்றன. கடைக்குட்டி மட்டும் அடிக்கடி குப்புற விழுந்தது.

நாரைக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "அற்புதம்! வாத்துக் குஞ்சுகள் பிறவியிலேயே ஒற்றைக் காலில் நிற்கின்றன!"

"ஐயா, நீங்க வர்றதுக்கு முன்னாடி இதுங்க நாள் முழுக்க நீந்திக்கிட்டு இருந்துச்சுங்க. இப்போ தண்ணியைத் தொடவே மாட்டேங்குதுங்க. நாய் துரத்தினா எப்படித் தப்பிக்கும்?" என்றது செவந்தி, அழாத குறையாக.

"நான் பார்க்காததை எப்படியம்மா எழுதுவது?"

செவந்தி மெல்லப் பின்னால் போய் நாரையை ஒரே தள்ளாகத் தண்ணீரில் தள்ளிவிட்டது. நாரை சிறகையும் காலையும் படபடவென்று அடித்துக்கொண்டது. அதைக் கண்ட குஞ்சுகள் நான்கும் தொபுக்கென்று குதித்து, தண்ணீரை அடித்துக்கொண்டு உற்சாகமாக நீந்தின.

சொட்டச் சொட்டக் கரையேறிய நாரை மூச்சு வாங்கியது. "கவனித்தீர்களா அம்மா? மூன்றாம் நாள் இவற்றுக்கு நீச்சல் தானாகவே வந்துவிடுகிறது!"

"ரொம்ப சந்தோஷம் ஐயா" என்றது செவந்தி. "அந்த மேட்டுக்குப் பின்னாடி நரியம்மா ஏழு குட்டி போட்டிருக்கா. அதுங்களையும் கிட்ட நின்னு பார்த்துட்டு வாங்களேன்."