தானாக எரியும் விளக்கு

'நீயெல்லாம் ஒரு பொம்பளையா?'

நாக்கு நுனி வரை வந்துவிட்டது அக்காவுக்கு. மென்று விழுங்கினாள். வந்து இறங்கிய மறுநாளே சண்டை வேண்டாமே!

பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடக்கும் தம்பியைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். ஆனால் இங்கே கண்ட காட்சி?

விடிந்ததும் விடியாததுமாக அவன் கட்டிலை விட்டு எழுந்து, ஊன்றுகோலை எடுத்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னறைக்குப் போகிறான். எதற்கு? ஒரு சுவிட்சைப் போட!

அங்கே மேஜை முழுக்கத் தட்டுத் தட்டாக விதை போட்டிருந்தது. தக்காளி, மிளகாய், கத்திரி. வெளியே குளிர் விடும்வரை நாற்றுகளுக்கு வெயிலுக்குப் பதில் விளக்கு. காலையில் போட வேண்டும், ராத்திரி அணைக்க வேண்டும்.

அவன் பெண்டாட்டியோ சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் கத்தி நின்றது. அவன் போய்ச் சேரும்வரை அவள் நறுக்கவே இல்லை. வேடிக்கை வேறு பார்க்கிறாள், மகராசி!

"ஏம்மா, அந்த சுவிட்சை நீ போட்டா கை தேய்ஞ்சிடுமா?"

"எனக்கு மறந்து போயிடுது, அண்ணி. ஒரு தடவை அணைக்காம விட்டு இலையெல்லாம் சுருண்டு போச்சு. அதிலேருந்து அவர் என்னை நம்பறதே இல்லை."

"குழம்புக்கு உப்புப் போட மறக்கிறியா? போன் பேச மறக்கிறியா? இது மட்டும் மறந்துடுமாக்கும்!"

அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அக்கா விடவில்லை. மத்தியானமே கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு டைமரை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல விளக்கைச் சொருகிட்டாப் போதும்மா. தானா எரியும், தானா அணையும்."

கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டினாள்.

"இனிமே நீ அசைய வேண்டாம்டா, தம்பி. எல்லாத்தையும் இது பார்த்துக்கும்."

"அப்போ எனக்கு வேலையில்லைன்னு சொல்லு" என்றான் அவன்.

அவன் பெண்டாட்டியின் முகம் சுண்டிப்போனது. சுருக்கென்று தைத்திருக்கும், தைக்கட்டும் என்று விட்டுவிட்டாள் அக்கா.

மறுநாள் விளக்கு சொன்னபடி எரிந்தது. தம்பி எழுந்திருக்கவில்லை. பாவம், தூங்கட்டும்.

காபி ஆறியது. வெயில் ஏறியது. அக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். அவன் தூங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான்.

"எழுந்து உட்காரேன்டா."

"எழுந்து என்ன பண்ணப் போறேன், சொல்லு?"

நேற்று அவனிடம் இந்தக் குரல் இல்லை. அவளுக்குப் பகீரென்றது.

வெளியே வந்தால், பின்னறையில் அவன் பெண்டாட்டி டைமரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்துவிட்டது.

"என்னம்மா பண்றே?"

அவள் உதட்டில் விரலை வைத்து, அக்காவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து வீடே அதிரும்படி கத்தினாள்.

"என்னங்க! உங்க அக்கா வாங்கினது ஒரே நாள்ல மக்கர் பண்ணிடுச்சு! நாத்தெல்லாம் இருட்டுல கிடக்குது. நான் அடுப்புல வேலையா இருக்கேன்!"

அடிப்பாவி! நல்லது செய்ய வந்தவள் தலையிலேயே பழியா? அக்கா வாயைத் திறப்பதற்குள் கட்டில் கிரீச்சிட்டது. ஊன்றுகோல் தரையில் தட்டியது.

"ஒரு வேலையை உருப்படியாப் பண்ண மாட்டீங்களா, ரெண்டு பேரும்?" திட்டிக்கொண்டே நடந்தான் தம்பி.

அவன் பெண்டாட்டி மூச்சை விட்டாள். "டாக்டர் கெஞ்சினார், நான் அழுதேன். எதுக்கும் எழுந்திருக்காத மனுஷன், அண்ணி. நாத்து முளைச்ச பிறகுதான் கட்டிலை விட்டு இறங்கினார்."

கையிலிருந்த டைமரை வைக்க இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே அதே மாதிரி இன்னொன்று, உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"விளக்கோடவே வந்தது" என்றாள் மெதுவாக.

"அக்கா!" பின்னறையிலிருந்து தம்பியின் குரல். "உன் சாமானை நம்பியிருந்தா என் தக்காளி போய்ச் சேர்ந்திருக்கும்!"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்குக் கத்தினாள்.

"ஆமாண்டா! கடைக்காரன் என்னை நல்லா ஏமாத்திட்டான். இனிமே நீயே பார்த்துக்கோ!"