தம்புராட்டிக்கு ஒரு செருப்பு

"வாயில்லாச் சீவன் மேல கல்லெறிஞ்ச கை விளங்குமா?"

காலை ஏழு மணிக்கே தாணுமாலயன் மதிலைப் பார்த்துக் கத்தினார். மதிலுக்கு அந்தப் பக்கம் எலிசாளின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை.

"பாத்தியா உலகம்மை, பதில் சொல்லுதாளா பாரு!"

"அவ எறிஞ்சதை நீங்க பாத்தியளா?" என்றாள் மனைவி.

"பாக்க வேற செய்யணுமா? தேங்காய் பொறுக்க வரக்கூடாதுன்னு கேட்டைப் பூட்டினேன். பத்தாம் நாள் தம்புராட்டி நொண்டுது. பழி வாங்கிட்டா!"

தம்புராட்டி அவர் வளர்க்கும் வெள்ளை வாத்து. கழுத்து நீண்ட பெரிய ஜாதி. விதுரா சந்தையில், விற்றவன் தலையில் கை வைத்து உட்காரும்வரை பேரம் பேசிக் குஞ்சாக வாங்கி வந்தது. தெருவில் யார் வந்தாலும் சீறி விரட்டும், எலிசாளைத் தவிர. அதுவே அவருக்கு ஆகாது.

தள்ளுவண்டியில் தொடங்கிப் பழவங்காடியில் பாத்திரக்கடை போட்ட மனுஷர். தினமும் கடைக்குக் கிளம்புமுன் கேட்டுக்கு உள்ளே கிடக்கும் கல்லில் கணபதிக்கு ஒரு தேங்காய் உடைப்பார். சத்தம் கேட்டதும் எலிசாள் முறத்தோடு வந்து குனிந்துவிடுவாள். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், போன மாதம் வெடித்துவிட்டார்.

"சிதறு காயை யாரும் எடுக்கலாம்லா?" என்று உலகம்மை அன்றைக்கே சொன்னாள்.

"அது கோயில் வாசல்ல. இது என் வாசல்."

அன்றிலிருந்து பெரிய துண்டுகளை அவரே பொறுக்கிச் சட்னிக்குக் கொடுத்தார். தம்புராட்டி நொண்ட ஆரம்பித்ததும், கால் குணமாக வேண்டி, ஒரு தேங்காய் மூன்றாயிற்று.

கால் குணமாகவில்லை. ஐந்தாம் நாள் காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்றது. பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். வழி நெடுக அது கத்தியது. அதற்கு மேல் அவர் கத்தினார், ஆட்டோக்காரனைப் பள்ளத்தில் விடாதே என்று.

மலையாளியான கால்நடை டாக்டர் வினீத் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அடியில் நெல்லிக்காய் அளவு வீக்கம், நடுவே கறுத்த பொருக்கு.

"சீழ் கட்டியிருக்கு சேட்டா. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா எலும்புக்கு இறங்கியிருக்கும். பின்ன காலே போயிடும்."

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல டாக்டரே, அதை நடக்க வச்சிருங்க."

உலகம்மை திரும்பிப் பார்த்தாள். கட்டிய நாள் முதல் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை.

டாக்டர் பொருக்கைப் பெயர்த்து, சீழை வெளியேற்றி, இடுக்கியால் கறுப்பாக ஒன்றை இழுத்தெடுத்தார்.

"சிரட்டைச் சில்லு. வீட்டு முற்றத்தில தேங்கா உடைக்கறதுண்டோ?"

"தினமும் உடைக்கேன். மூணு வருஷமா இது அங்கதான் சுத்துது. ஒரு கீறல் விழுந்ததில்லையே!"

"பின்ன இப்போ மட்டும் எப்படி?"

"எப்படியா? அவ கொண்டுவந்து போட்டிருக்கா!"

யார் அந்த 'அவ' என்று டாக்டர் கேட்கவில்லை. "தினம் இளஞ்சூட்டு உப்புத் தண்ணியில காலை முக்கி வைக்கணும். துடைச்சு மருந்து போட்டுக் கட்டணும். சிமெண்டுத் தரை ஆகாது, வைக்கோல் விரிச்சுக் கொடுங்க. கட்டு நனையக்கூடாது, கேட்டோ. மேலே செருப்பு மாதிரி ஓர் உறை வேணும்."

"வாத்துக்குச் செருப்பா? எந்தக் கடையில கிடைக்கும்?"

"கடையில கிடைக்காது. பக்கத்தில தைக்கத் தெரிஞ்சவங்க யாராவது உண்டோ?"

உலகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், தம்புராட்டியை இடுக்கிக்கொண்டு தாணுமாலயன் எலிசாள் வீட்டுப் படியேறினார். அவர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் அது கையிலிருந்து நழுவி, நொண்டி நொண்டிப் போய் அவள் மடியில் கழுத்தை வைத்துக்கொண்டது.

"நன்றி கெட்ட ஜென்மம்!" என்றார், வாத்தைப் பார்த்து.

டாக்டர் சொன்னதை அவர் சொல்லி முடித்ததும் எலிசாள் கட்டுப்போட்ட காலை அளந்தாள். ரெக்சின் துண்டு ஒன்றை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, கால் மணி நேரத்தில் தைத்து மாட்டிவிட்டாள். தம்புராட்டி குனிந்து செருப்பைப் பார்த்தது. நாலடி நடந்தது. காலை ஊன்றியே நடந்தது.

தாணுமாலயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே குரலை உயர்த்தினார்.

"கூலி என்ன? இப்பவே சொல்லிட்டேன், கேக்கதுல பாதிதான் தருவேன்."

"துட்டு வேண்டாம் அண்ணாச்சி."

"ஓசியில வாங்குத ஆளில்ல நான். கேளு!"

"அப்பம், காலையில பத்து நிமிஷம் கேட்டைத் திறந்து விடுங்க. பழையபடி வந்து பொறுக்கிட்டுப் போறேன்."

"அதானே பாத்தேன்! குறி தேங்காய் மேலதான்! பத்து நிமிஷமெல்லாம் முடியாது. அஞ்சு. அதுவும் பெரிய துண்டெல்லாம் எங்களுக்கு."

எலிசாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தேங்காய் பூராவும் நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு அந்தப் பொடிச் சில்லு மட்டும் போதும். புல்லுக்குள்ள கிடக்கது விளக்குமாத்துக்கு வராது, தம்புராட்டி கூட்டை விட்டு இறங்குததுக்குள்ள கையாலதான் பொறுக்கணும். இப்பம் நீங்க தினம் மூணு உடைக்கிய... அஞ்சு நிமிஷம் பத்தாது அண்ணாச்சி."