கீழே ஓடும் எழுத்து

"ஒரே ஒரு கையெழுத்து. அதுக்கு எதுக்குக்கா இவ்வளவு பிடிவாதம்?" என்று பத்திரத்தை மேசைமேல் விரித்தான் ஆல்டோ.

"என் உசிரு இருக்க வரைக்கும் போட மாட்டேன். அத மடிச்சு வச்சிட்டு மீன்கறியத் தின்னு" என்றாள் அஜிஷா.

சவுதியின் ஜுபைலில் டெக்னீஷியனாக இருக்கும் ஆல்டோ, ஷார்ஜாவில் நர்ஸாக வேலை பார்க்கும் அக்காவைப் பார்க்க மூன்று நாள் லீவில் வந்திருந்தான். பார்க்க என்பது சும்மா பேச்சுக்கு. உண்மையில் வந்தது குளச்சல் வீட்டு விஷயமாக.

வீடு எழும்பியது அஜிஷாவின் சம்பளத்தில். பத்திரம் அப்பா ஞானையாவின் பேரில். அவர் உயில் எதுவும் எழுதாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நகையோடு சரி, வீடு ஆண்பிள்ளைக்கு என்று சொந்தக்காரர்கள் ஆல்டோவுக்குத் தினமும் போன் போட்டு ஓதினார்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி, இதில் புதிதாக என்ன இருக்கிறது?

இப்போது கொண்டுவந்திருக்கும் பத்திரத்தில் அம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒப்பமிட வேண்டும். அம்மாவும் ஆல்டோவும் எல்லாப் பக்கத்திலும் போட்டு முடித்துவிட்டார்கள். அக்காவின் இடம்தான் காலி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு வரிக்கு வரி தெரியும். போனிலேயே படித்துக் காட்டியிருந்தான்.

அன்று காலை வந்திறங்கிய நேரமே அவனுக்குச் சரியில்லை. கீழே லிஃப்ட் பொத்தானைப் பத்து நிமிஷம் அமுக்கிக்கொண்டு நின்றான். அக்கா இறங்கி வந்து, கதவில் ஒட்டியிருந்த அரபிச் சீட்டை ஒரு பார்வை பார்த்தாள். "பன்னெண்டு மணிக்கு மேலதான் ஓடுமாம். ஏறி வா" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஐந்து மாடி ஏறியதில் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

விசிட் விசாவில் வந்திருந்த அம்மா சுகிர்தராணிக்குத்தான் இந்தச் சண்டை அலுத்துப்போனது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு படத்தப் போடுங்கப்பா" என்றாள்.

கதவைத் தட்டி டிவிடி விற்கும் சீனப் பெண்ணிடம் காலையில்தான் ஒன்று வாங்கியிருந்தார்கள். அட்டையில் நம்மூர் நாயகன் அரிவாளோடு நின்றார். உள்ளே இருந்ததோ பிரெஞ்சுப் படம். கீழே அரபி எழுத்து ஓடியது.

"ஏமாத்திப்புட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு ரிமோட்டை எடுத்த ஆல்டோ, அப்படியே நின்றான். திரையில் ஒரு பெரிய பழைய வீடு. ஒரு அக்கா, ஒரு தம்பி. நடுவில் ஒரு வக்கீல் பத்திரத்தை விரித்துக்கொண்டிருந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"இருக்கட்டும். நான் அரபி வாசிச்சுச் சொல்லுதேன். ஒம்பது வருசம் ஜுபைல்ல சும்மாவா இருந்தேன்?"

அஜிஷா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். "வாசி, கேப்போம்."

"அந்த அக்காக்காரி மகா பிடிவாதம் பிடிச்சவ. கையெழுத்துப் போட மாட்டேன்னு நிக்கா. தம்பி கெஞ்சுதான். பாவம், தங்கமான பய."

திரையில் அக்கா ஒரு தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள்.

"அவ ஏன்டே தட்ட ஒடைக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"அது அவிய நாட்டு வழக்கம். சந்தோசம் வந்தா தட்ட ஒடைப்பாவ."

அஜிஷா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு வழியாகத் திரையில் அக்கா பேனாவைப் பிடித்தாள். ஆல்டோ சோபா நுனிக்கு வந்துவிட்டான். "போட்டுட்டா, பாத்தியா! 'இனிமே நமக்குள்ள ஒரு வழக்கும் கெடையாதுக்கா'ன்னு தம்பி சொல்லுதான். அம்மா இல்லாத குடும்பம், ஒண்ணு சேந்துட்டு."

அடுத்த காட்சியில் தம்பி பெரிய கேட்டை இழுத்துப் பூட்டினான். கொட்டுகிற மழையில் அக்கா பெட்டியோடு டாக்ஸி ஏறினாள்.

"பின்ன ஏன் இவ அழுதுட்டுப் போறா?" அம்மா விடவில்லை.

ஆல்டோ ரிமோட்டைக் கையில் உருட்டினான். "லீவு முடிஞ்சுதும்மா. டூட்டிக்குப் போறா. நம்ம திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல அழ மாட்டோமா?"

அதைக் கேட்டதும் அம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. அஜிஷாவும் கண்ணைத் துடைத்தாள். சிரித்ததில் வந்த கண்ணீரா, அழுததில் வந்ததா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"பேனாவக் குடு" என்றாள்.

ஒரு பக்கம் விடாமல் போட்டுக் கொடுத்தாள். ஆல்டோ பத்திரத்துக்கு ஒரு முத்தம் வைத்து, பத்திரமாகப் பையில் செருகினான். "ரோலா கடைத்தெருவுல போய் ஸ்வீட் வாங்கிட்டு வாரேன்" என்று படியில் தடதடவென்று இறங்கினான். லிஃப்ட் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அம்மா மகளைப் பார்த்தாள். "ஏட்டி, உசிரு போனாலும் போட மாட்டேன்னு நின்னவ நீ. ஒரு படத்தப் பாத்தா மனசு மாறிட்டு?"

அஜிஷா டிவிடியை வெளியே எடுத்து, அந்த அரிவாள் அட்டைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"அந்தப் படத்துல தம்பிக்காரன் பொய் சொல்லி அக்கா வீட்டப் புடுங்குதான்மா, நம்ம பய அவன் பங்கையும் எனக்கு எழுதித் தர இம்புட்டுப் பொய் சொல்லுதான், பின்ன எப்படிப் போடாம இருக்க?"