வலது பக்கம் வரவில்லை

"கீபோர்டோட வலது பக்கச் சத்தம் மறுபடியும் செத்துப்போச்சு!" வீப்கே ஹெட்போனை மாட்டியபடியே ஒலி மிக்சர் மேல் கையை ஓங்கித் தட்டினாள். ஓஸ்டர்மூர் ஊர் டிவியில் நேரலைக்கு இன்னும் பத்தே நிமிஷம். "டெட்லெவ்! வலது கேபிளை மாத்தினியா இல்லையா?"

பதிலே இல்லை. கேமராக்காரன் டெட்லெவ் இப்போதெல்லாம் அப்படித்தான். சம்பளமில்லாத வேலைதானே என்ற இளக்காரம்.

அவளே எழுந்து கேபிளை மாற்றினாள். பேலன்ஸ் குமிழை நடுவில் வைத்தாள். மீட்டரில் இரண்டு பக்கமும் விளக்குகள் துள்ளின. ஹெட்போனில் இடது பக்கம் மட்டும்தான் கேட்டது. "மீட்டரும் என்னை ஏமாத்துது!"

டெட்லெவ் வந்து ஹெட்போனை வாங்கி மாட்டினான். "தாயே, ரெண்டு பக்கமும் ஜோராக் கேக்குது."

"உன் காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? குடு இங்க!"

பிடுங்கிய வேகத்தில் அதை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டாள். செத்துப்போன வலது பக்கம் இடது காதில் கணீரென்று ஒலித்தது. வலது காதில் இப்போதும் சத்தமே இல்லை.

மெல்ல ஹெட்போனை இறக்கினாள்.

"டெட்லெவ்... அப்பக் கேட்டப்ப நீ ஏன் பதில் சொல்லல?"

"மூணு தடவ சொன்னேனே, உன் வலது பக்கம் நின்னுக்கிட்டு."