வேப்பமரத்தடிக் குண்டு

மரத்துக்குப் பத்தடி முன்னாலேயே அழகிரிசாமி நின்றுவிட்டார். அதற்கு மேல் கால் வரவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

வேரை ஒட்டி, ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தது குண்டு.

நாலு நாளாக அந்த வீட்டில் நெருப்பு இல்லை. அடுப்பு இல்லை, விளக்கு இல்லை. சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சாக்கு காயக் கூடாது என்று அழகிரிசாமி காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீரைத் தூரத்திலிருந்தே வீசிவிட்டு ஓடிவருவார்.

பாஞ்சாலங்குறிச்சிச் சண்டை நடந்த பக்கம் அவருடைய கரிசல் காடு. புரட்டாசியில் டிராக்டர் உழுதுபோன சாலில் அது கிடந்தது. துருப்பிடித்த உருண்டை, உரித்த தேங்காய் அளவு. பழைய இரும்புக்குப் போடலாம் என்று துண்டில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மறுநாள் உழவுக் கூலி வாங்க வந்த டிராக்டர்க்காரன் பாண்டிராஜ் அதைப் பார்த்தான். பீரங்கிக் குண்டு என்றான். வெள்ளைக்காரன் அடைத்த மருந்து உள்ளே அப்படியே இருக்கும் என்றான். இரண்டு வருசம் பட்டாசு ஆலையில் இருந்தவன். மருந்தைப் பற்றி அவன் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

கொண்டுவந்தவருக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகத் தைரியம் இல்லை. வீட்டை விட்டுப் போகவும் வழியில்லை. மகள் உமாராணிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்த பிள்ளையைப் பேறு முடியாமல் திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அடுத்தவர் வீட்டில் படுக்கவைக்கவும் மனம் ஒப்பவில்லை.

வேப்பமரத்திலிருந்து ஆகத் தள்ளியிருப்பது உள்ளறை. சாமி இருக்கிற அறை. அங்கே கட்டிலைப் போட்டு அவளைப் படுக்கவைத்தார்கள்.

தாய் வெயிலம்மாள் மகளின் காலடியை விட்டு நகரவில்லை. எதிரே காட்டுச்சாமி. அழகிரிசாமியின் தாத்தா இதே கரிசல் காட்டிலிருந்து தூக்கிவந்து வைத்தது. மூன்று தலைமுறை எண்ணெய் குடித்துக் கறுத்த பெரிய உருண்டை. நெருப்பு ஆகாது என்றதால் சாமிக்கும் நாலு நாளாகப் பத்தி இல்லை. கண்டம் விலகினால் ஒரு கட்டுப் பத்தியை ஒரேயடியாக வைப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். பயத்தில் கை சும்மா இருக்க மறுத்தது. சாமியின் தலையில் பத்தி செருகும் குழி தூர்ந்து கிடந்தது. சாக்கூசியை எடுத்துக் குத்திக் குத்தி, சாம்பலும் மண்ணும் போகத் துப்புரவாக்கிவைத்தாள்.

இன்று காலையில்தான் தூத்துக்குடியிலிருந்து சுந்தரேஸ்வரி வந்துசேர்ந்தார். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். காடுகரைகளில் கிடைக்கும் பழைய ஆயுதங்களைப் பார்த்து இன்னது என்று சொல்லக்கூடியவர். ஊர்த் தலையாரி சொல்லியனுப்பியதால் வந்திருந்தார்.

சுந்தரேஸ்வரி குனிந்து சாக்கை எடுத்தார். சுற்றுச்சுவருக்கு மேலே பாண்டிராஜின் தலை தெரிந்தது.

"தும்மிராதீங்க மேடம். அதிர்ச்சிக்கே கெளம்பிரும் அது."

"அப்போ நீங்க மொதல்ல தலையை உள்ள இழுங்க."

தலை மறைந்தது.

சுந்தரேஸ்வரி கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தார். உருட்டினார். ஒவ்வொரு உருட்டலுக்கும் அழகிரிசாமி ஓரடி பின்னால் போனார். பிறகு சுந்தரேஸ்வரி அதைத் தூக்கித் தொங்கு தராசில் மாட்டினார், இடுக்கிபோன்ற ஒன்றால் குறுக்களவு எடுத்தார், சின்னச் சுத்தியலால் தட்டினார். அழகிரிசாமி கண்ணையும் காதையும் மூடிக்கொண்டார். உள்ளறையில் இருக்கிற இரண்டு உயிரும் வயிற்றில் இருக்கிற ஒன்றும்தான் அப்போது அவர் நினைப்பில் இருந்தது.

தோளில் கை பட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. இது கெட்டி இரும்பு. சுவரை இடிக்கிறதுக்குச் சுட்டது. உள்ள மருந்தே கெடையாது."

அழகிரிசாமி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, ஒண்ணுமில்லையாம். அடுப்பைப் பத்த வச்சு மேடத்துக்குக் காப்பி போடு."

சாமிக்கு வைத்துவிட்டு வருவதாக உள்ளேயிருந்து பதில் வந்தது. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.

சுந்தரேஸ்வரி நோட்டில் அளவுகளை எழுதிக்கொண்டே, இனிமேல் ஏதாவது கிடைத்தால் தொடாமல் சொல்லியனுப்பச் சொன்னார். அந்தச் சண்டையில் இன்னொரு வகைக் குண்டும் சுட்டிருக்கிறார்கள். கோட்டைக்குள் விழுந்து வெடிக்கிற வகை. அதுதான் ஆபத்து.

பாண்டிராஜின் தலை மறுபடி மேலே வந்தது. அதை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டான்.

"இதைவிடப் பெரிசா இருக்கும். உச்சியில வெரல் போற அளவுக்கு ஒரு ஓட்டை, திரி வைக்கிறதுக்கு. இருநூறு வருசத்துல அது மண்ணேறி அடைஞ்சிருக்கும். அடைப்பு இருக்கிற வரைக்கும் பயமில்ல. அதைத் தோண்டி எடுத்துட்டு நெருப்பு வச்சாத்தான் வெனை."

அழகிரிசாமி எழுந்தார். வீட்டைப் பார்த்து ஓடினார்.

வாசல் வழியே பத்தி மணம் வந்தது. பின்னாலேயே வெயிலம்மாளின் குரல், நாலு நாளாக இல்லாத தெம்போடு.

"ஏங்க, இன்னைக்குத்தான் சாமி பத்தியை அடிவரைக்கும் உள்ள வாங்கிக்கிடுது."